கடல்நாய்த் தோலும் கடவுச்சீட்டும்

என் நாட்குறிப்பில் அந்த ஞாயிற்றுக்கிழமை இப்படிப் பதிவாகியிருக்கிறது: "மாலை 4.20. வெள்ளவத்தை, மூன்றாம் மாடி. பெண் பார்த்தல். தின்ற ரோல்ஸ் இரண்டு. 4.45: எல்லாம் முடிந்தது."

அதிகம் வாசிப்பவனுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் வேலை. அதற்குள் நான்கு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. (நான்கின் திகதிகளும் என்னிடம் உண்டு.) இந்தப் பெண் லண்டனில் பிறந்தவள், கலியாணம் கட்டிக் கொழும்பிலேயே இருக்கப்போவதாகப் பிடிவாதம். தகப்பனுக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

"கேட்டதுக்கு ஓம் எண்டு மட்டும் சொல்லு, ராசா" என்று படியேறும்போதே அம்மா கெஞ்சினார்.

ஆனால் தகப்பன் கேட்ட கேள்விக்கு ஓம் பொருந்தவில்லை. "தம்பிக்கு எங்கட நாட்டைப் பற்றி என்ன தெரியும்?" (அவர் சொன்னது பிரித்தானியாவை. பிறந்தது யாழ்ப்பாணத்துச் சுழிபுரத்தில்.)

ஒரு கிழமையாக அந்த நாட்டின் பழங்கதைகளை வாசித்துத் தள்ளியிருந்தேன். மலைக்கடியில் நித்திரை கொள்ளும் அரசன், ஆளை ஏரிக்குள் இழுத்துப்போகும் குதிரை என்று வரிசையாக அவிழ்த்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஸ்கொட்லாந்துக் கரையிலை கடல்நாய் தோலைக் கழட்டினால் பொம்பிளையாகும், அங்கிள். ஒரு மீனவன் அந்தத் தோலை ஒளிச்சு வைச்சிட்டு அவளைக் கலியாணம் கட்டினவன். தோல் இல்லாமல் அவளாலை திரும்பிப் போக ஏலாது. நல்லாச் சமைச்சுப் போட்டுக்கொண்டு இருந்தவள்."

கடைசி வசனம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் சொந்தச் சேர்க்கை.



"எங்கை ஒளிச்சவன்?" என்றார் தகப்பன்.

"கூரைக்குள்ளை. பெட்டிக்குள்ளை எண்டும் சில பேர் சொல்லுவினம்."

அவர் எழுந்தார். மேசையில் கிடந்த மகளின் கைப்பையைத் திறந்து, கடவுச்சீட்டை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டு, தேசிய கீதத்துக்கு நிற்பவர்போல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"பிள்ளை பகிடிக்குச் சொன்னவன்" என்றார் அம்மா.

"இல்லையம்மா, கன இடத்திலை பதிவாகியிருக்கு" என்றேன் நான்.

அம்மா புறப்படத் தன் கைப்பையைத் தேடத் தொடங்கினார். ஐந்தாவது சம்பந்தம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பெண் முதன்முறையாக வாய் திறந்தாள். "பிறகு அவளுக்கு என்ன நடந்தது?"

"பிள்ளையள் தோலைத் தேடி எடுத்துக் குடுத்தவை. அண்டைக்கே கடலுக்குப் போயிட்டாள்."

அவள் சிரித்தபடி தகப்பனிடம் கையை நீட்டினாள். "குடுங்கோ அப்பா. என்ரை தோலை நானே ஒளிச்சு வைக்கிறன்."

கலியாணமாகிப் பதினொரு வருடம். மாமனார் லண்டனிலிருந்து எப்போது அழைத்தாலும் முதல் கேள்வி, "தோல் பத்திரமே, பிள்ளை?" எனக்கும் மனைவிக்கும் சண்டை வந்தால் எங்கள் மகள் கதிரையை இழுத்துப்போட்டு அலுமாரிக்கு மேலே தேடுகிறாள்.

இந்த வீட்டின் ஒவ்வொரு பத்திரத்துக்கும் திகதி வாரியாக என்னிடம் பட்டியல் உண்டு. அந்த ஒன்று மட்டும் அதில் இல்லை. சமையலறையில் மாப்போத்தலுக்குப் பின்னால் இருக்கும் பிஸ்கட் டின்னில் இருப்பதாக மகள் சொல்கிறாள். இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.