சுவர் காய்ந்த சேதி

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு, உன் ஒரே தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், உன் தம்பி மனைவி நலம், பின்னறைச் சுவர் மிகவும் நலம். அங்கு உன் நலமும் அத்தானுடைய முழங்காலின் நலமும், உன் இளைப்பு உன்னை விட்டு ஒழிந்த சேதியும் அறிய ஆவல்.

போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நான் "அக்கா" என்று ஆரம்பித்தால் "என்னடா, இருமறியா?" என்கிறாய். இல்லை என்று சொல்வதற்குள் மருந்து சொல்லி முடித்து, போனையும் வைத்துவிடுகிறாய். கடிதத்தில்தான் உன்னிடம் நான் முழு வாக்கியம் பேச முடிகிறது. தவிர, இதில் ஒரு விஷயம் இருக்கிறது, அதைப் பக்குவமாகச் சொல்லியாக வேண்டும். உன் தம்பி மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு "அதை எழுதிட்டீங்களா?" என்று கேட்கிறாள். இரு, முதலில் நலம் விசாரித்து முடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

போன முறை நீ ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஆசையாகப் பெட்டி நிறையத் துணியோடு வந்து, மூன்றாம் நாளே இருமிக்கொண்டு கிளம்பிப் போனதை நானும் மறக்கவில்லை, இவளும் மறக்கவில்லை. பீரோவுக்குப் பின்னாலிருந்து கூரை வரைக்கும் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் படர்ந்திருந்ததைக் காட்டி, "இந்த ரூம்ல நாலு நாள் படுத்தா அஞ்சாவது நாள் நான் இருக்க மாட்டேன்டா! வீட்டைத் துடைக்கிற பழக்கமே கிடையாதா?" என்று கேட்டாய். கேட்டது என்னவோ என்னைப் பார்த்துத்தான், ஆனால் சத்தம் சமையலறை வரை போய்விட்டது. "சுவர் சுத்தமானா சொல்லு, வர்றேன்" என்று வண்டியில் ஏறிப் போனாய். அன்றிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே சமையலறையில் ஏதாவது ஒரு பாத்திரம் கீழே விழுகிறது. அக்கா, எனக்கு இந்த வயதில் அலுவலகமும் இல்லை, மேலதிகாரியும் இல்லை, என்னை 'டேய்' என்று அதட்டுவதற்கு உலகத்தில் நீ ஒருத்திதான் மிச்சம். நீ வராவிட்டால் எனக்கு இந்த வீடு வீடாகவே இல்லை. அதனால் யார் காலில் விழுந்தாவது அந்தப் பூசணத்தை ஒழித்துவிட்டுத்தான் மறுவேலை என்று கிளம்பினேன்.

முதலில் பெயின்டர் வந்தார். சுவரைப் பார்த்து "ப்பூ, இவ்வளவுதானா சார்! ரெண்டு கோட்டிங் அடிச்சா தடமே தெரியாது" என்றார். அடித்தார், தெரியவில்லை. நானும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெள்ளைச் சுவரைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன், உனக்குப் போன் போடலாம் என்று எண்ணைக் கூட அழுத்திவிட்டேன், அதற்குள் பீரோ பக்கம் ஒரு புள்ளி, அப்புறம் அதற்குத் துணையாக இன்னொன்று, அப்புறம் குடும்பத்தோடு மொத்தமாகவே வந்துவிட்டது. பெயின்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டடி பின்னால் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "பூசணம் வந்திருக்கு, ஒத்துக்கறேன் சார். ஆனா பெயின்ட் ஒரு இடத்துலயாவது உரிஞ்சிருக்கா, பாருங்க" என்றார். மனிதர் பெருமையோடு சொல்லும்போது நான் என்ன செய்வேன், ஆமாம் என்று தலையாட்டினேன்.

அடுத்தது ஒரு கம்பெனி. வீட்டுக்குள் வளரும் எதையும் வேரோடு ஒழிப்போம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். போனில் ஒரு பெண், அத்தனை இனிமையான குரல். விவரத்தை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சார், கம்ப்யூட்டர்ல பூசணத்துக்கு இடம் இல்ல. கரையான்னு போட்டுக்கறேன், ஆள் வந்ததும் நீங்க நேர்ல சொல்லிக்குங்க" என்றாள். ஆள் வந்தார். நேரில் சொன்னேன். "எனக்குக் கரையான்னு வந்திருக்கு சார், நான் கரையானுக்குத்தான் பண்ண முடியும்" என்று சொல்லி, சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு மருந்தை ஊற்றிவிட்டு, திருப்திதானா என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அக்கா, இந்த வீட்டுக்கு இனி ஜென்மத்துக்கும் கரையான் வராது, அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

இதற்குள் எனக்கு மாடி வீட்டுக்காரர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவருடைய குளியலறை என் பின்னறைக்கு நேர் மேலே. பூசணம் ஈரத்தில்தானே வரும், ஈரம் மேலேயிருந்துதானே வரும், அப்படியென்றால் குற்றவாளி யார்? படி ஏறிப் போய் வாசலில் நின்றே கேட்டுவிட்டேன். மனுஷர் முகம் சிவந்து, "என் பாத்ரூம் ஒழுகுதா? இப்பவே பாத்துடுவோம் சார், இப்பவே!" என்று ப்ளம்பரைக் கூப்பிட்டு, தன் வீட்டுக் குளியலறைத் தரையைத் தானே உடைக்க வைத்தார். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. அப்படிக் காய்ந்து கிடந்தது. ப்ளம்பர் என்னைப் பார்த்தார், நான் என் செருப்பைப் பார்த்தேன். மாடி வீட்டுக்காரர் ஒரு சீட்டில் போன் நம்பரை எழுதி என் சட்டைப் பையில் திணித்து, "இந்தம்மா ஈரம் எங்கேயிருந்து வருதுன்னு மெஷின் வச்சுக் கண்டுபிடிக்கிறவங்க. அவங்களைக் கூப்பிட்டு முதல்ல உங்க வீட்டைப் பாருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர், கோபத்திலும் உபகாரம் செய்கிறார்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். அக்கா, கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு படி.

மழைக்காலத்தில், நீ வருவதற்கு ரொம்ப முன்னால், எனக்குச் சளி பிடித்திருந்தபோது நீ போனில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "கதவு ஜன்னல் எல்லாத்தையும் இறுக்கிச் சாத்திட்டு ரெண்டு வேளையும் ஆவி பிடி. காத்துப் படவே கூடாது" என்றாய். நீ சொல்லி நான் எதைத் தட்டியிருக்கிறேன்? பின்னறை ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டி, கதவுக்கு அடியில் துண்டைச் செருகி, ஆவி பிடித்தேன். தும்மல் நிற்கவில்லை. "சின்னப் பாத்திரத்துல பிடிச்சா எப்படிடா நிக்கும், அண்டாவுல வை" என்றாய். எங்கள் கல்யாணத்துக்கு நீ கொடுத்தாயே, இரண்டு கைப்பிடி வைத்த பெரிய அண்டா, அதில் வைத்தேன். தும்மல் அதிகமாகிவிட்டது. அதிகமாக ஆக நானும் விடாமல் அண்டா நிறையப் பிடித்தேன். நீ வந்திருந்த அந்த இரண்டு நாள்தான் இடைவெளி.

மெஷின்காரம்மா வந்தபோது நான் போர்வைக்குள் இருந்தேன். மணி அடித்தது காதில் விழவில்லை. இவள்தான் கதவைத் திறந்து உள்ளே அழைத்து வந்திருக்கிறாள். அந்த அம்மா கையடக்கமான ஒரு கருவியைச் சுவரில் வைக்க, அது கீச்சென்று கத்தியது. பீரோ பக்கம் வைத்தார், கத்தியது. கட்டில் பக்கம் வந்ததும் அந்த அம்மா நின்றுவிட்டார்.

"இந்த மூட்டைக்குள்ள என்னங்க இருக்கு? புகை வருது."

"என் வீட்டுக்காரர்."

நான் போர்வையை விலக்கி, வேர்த்து வடிய, வணக்கம் சொன்னேன்.

"தினமும் இப்படியா சார்?"

"ரெண்டு வேளை."

"எதுக்கு?"

"விடாத தும்மல் மேடம்."

"தும்மல் எதனால வருது?"

"இந்தப் பாழாப்போன பூசணத்தாலதான்."

அந்த அம்மா சுவரைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். ஆவி படிந்த கண்ணாடியைக் கழற்றினார், கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். இவளுக்குப் புரிந்துவிட்டது, இவளும் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு வழக்கம்போலக் கடைசியாகத்தான் புரிந்தது. ஆவியால் பூசணம், பூசணத்தால் தும்மல், தும்மலுக்கு ஆவி என்று நான் ஒரு மழைக்காலம் முழுக்கப் பூசணத்துக்கு இரண்டு வேளை தண்ணீர் விட்டு வளர்த்திருக்கிறேன்! சிரிப்பு அடங்கியதும் இவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "ஆமா, இந்த வைத்தியத்தை யாரு சொன்னது?" என்று கேட்டாள்.

எழுதிவிட்டேன். இவள் படித்துப் பார்த்து "அந்த வரிக்கு அடியில கோடு போடுங்க" என்கிறாள். போட மாட்டேன். அக்கா, உன் வைத்தியத்தில் ஒரு குற்றமும் இல்லை, அதை நான் அளவுக்கு மீறிச் செய்ததுதான் குற்றம். இன்னொன்றும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். மழை நாளெல்லாம் இவள் ஈரப் போர்வைகளை அந்த அறையில்தான் கொடி கட்டிக் காயப்போட்டாள். அந்த அம்மா அதையும் ஒரு காரணமாகச் சொன்னபோது, இவளுக்குத் திடீரென்று சமையலறையில் வேலை வந்துவிட்டது. ஆகக்கூடி நாம் மூன்று பேரும் சேர்ந்து வளர்த்த பூசணம் அது. இதில் யார் யாரைக் கோபித்துக்கொள்வது?

அப்புறம் அந்த அம்மாவின் ஆட்கள் முகமூடியோடு வந்து, வாசலுக்குப் பிளாஸ்டிக் திரை கட்டி, ஊறிப்போன பூச்சைச் சுரண்டி எடுத்து, மருந்து போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுப் புதுப் பூச்சு பூசினார்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்திருக்கிறோம். டேப்பைக் கிழித்து ஜன்னலைத் திறந்தால், அடேயப்பா, என்ன காற்று! இனி அந்த அறைக்குள் ஆவி என்கிற பேச்சே கூடாது என்று அந்த அம்மா உத்தரவு. நானும் பிடிப்பதில்லை. தும்மல் போன இடம் தெரியவில்லை. நீ கொடுத்த அண்டாவில் இவள் மண்ணைப் போட்டு ஒரு செடி வைத்து ஜன்னலுக்கு வெளியே வைத்திருக்கிறாள், இரண்டு இலை விட்டிருக்கிறது. மாடி வீட்டுக்காரருக்கு அவருடைய தரையை என் செலவிலேயே போட்டுக் கொடுத்தேன். அவர் சமாதானமாகி, கட்டடம் முழுக்க எனக்கு 'அண்டா சார்' என்று பெயர் வைத்துவிட்டார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. மத்தியானம் அந்த அறையில் படுத்தால் சொக்கிக்கொண்டு தூக்கம் வருகிறது. அக்கா, சுவர் சுத்தமானால் சொல்லு என்றாயே, இதோ சொல்லிவிட்டேன். பெட்டியைக் கட்டு.

அத்தானுக்கு என் வணக்கம். இவளும் உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள், பாத்திரம் எதுவும் விழவில்லை. உன் ஆசியையும் அதட்டலையும் ஒருசேர எதிர்பார்த்திருக்கும்,
உன் தம்பி.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடலாம் என்று செருப்பை மாட்டும்போது உன் போன். "சுவர் எக்கேடு கெட்டாப் போகட்டும்டா, உன்னைப் பாக்காம எனக்கு இருப்புக் கொள்ளல. பஸ்ல ஏறிட்டேன். ஜன்னல் சீட்டு, காத்துல சளி பிடிச்சுக்கிச்சு. வந்ததும் அந்த ரூம்லயே ஆவி பிடிக்கணும், அண்டாவுல தண்ணி போட்டு வை. ஜன்னலை இறுக்கிச் சாத்திடு!" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் "சரிக்கா" என்பதற்குள் வைத்துவிட்டாய். இவளிடம் எப்படிச் சொல்வது என்று உள்ளே வந்தால், உன் குரல்தான் போனுக்கு வெளியிலும் கேட்குமே, இவள் செடியை வாளிக்கு மாற்றி, அண்டாவை மூன்று முறை தேய்த்துக் கழுவி அடுப்பில் ஏற்றியிருக்கிறாள். "என்ன பாக்கறீங்க? சுவரைத் திரும்பவும் கழுவிக்கலாம். அண்ணி வரட்டும்" என்றாள். கடிதத்தை உன் கையிலேயே கொடுக்கிறேன், ஆவி பிடித்த பிறகு படி. மெஷின்காரம்மாவுக்கும் போன் போட்டு, அடுத்த மாதம் ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லிவிட்டேன்.