அட்மின் கேட்ட பாஸ்போர்ட்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவன் கையில் வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பதவியை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. எல்லையில் காட்ட வாய்ப்புக் கிடைக்காத கண்டிப்பையெல்லாம் அங்கே காட்டிவிடுவான். இதை நான் அடித்துச் சொல்லக் காரணம், அந்த அட்மின் நானேதான்.

எங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற ஹவில்தார், அதிலும் கிளார்க். டைப்ரைட்டரைத்தான் நான் அதிகம் தட்டியிருக்கிறேன். (துப்பாக்கியை எப்போதாவது எடுத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.)

ஒருநாள் கரீம் பாய் போன் செய்தார். சுபேதாராக ஓய்வு பெற்று, தேரடித் தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவர்.

“சேகரு, செங்கம் ரோட்டுல மிஷேல்னு ஒருத்தர் இருக்காரு. பிரான்ஸ் ராணுவத்துல இருந்தவரு. லெபனான்ல அமைதிப் படையில நம்ம ஆளுங்களோட ஒண்ணா வேலை பாத்திருக்காரு. அவர நம்ம குரூப்புல சேத்துடு.”

“வெளிநாட்டுக்காரரா? ரகசியம் வெளிய போயிடுமே பாய்!”

“இன்னா ரகசியம்? மிலிட்டரி கேன்டீன்ல குக்கர் எப்ப வரும்ங்கறதா?”

“அதுக்கில்ல பாய்...”

“நட்பு நாடுப்பா அது.”

“இன்னைக்கு நட்பு நாடு. நாளைக்கு?”

“அப்போ நம்ம பகதூரு? அவரு நேபாளத்துக்காரருதானே?”

பகதூர் நம் ராணுவத்திலேயே பணியாற்றி, வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடியேறியவர். பொங்கல் வாழ்த்து குழுவில் முதலில் வருவது அவரிடமிருந்துதான். பதில் தோன்றாதபோது அதிகாரிகள் செய்வதை நானும் செய்தேன்: குழுவின் கருத்தைக் கேட்டேன். பாதிப் பேர் சேர்க்கலாம் என்றார்கள். பாதிப் பேர் கூடாது என்றார்கள். ஒருவர் மட்டும் பென்ஷன் ஸ்லிப்பை எப்படி டவுன்லோட் செய்வது என்று கேட்டார்.

“நேர்ல விசாரிச்சுட்டுதான் முடிவு பண்ணுவேன்” என்று பாயிடம் அறிவித்தேன். வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வரும் எங்கள் ஊர் ஆசிரமத்துப் பக்கத்தில் ஒரு காபிக் கடையில் சந்திக்க ஏற்பாடாயிற்று.

மறுநாள் பீரோவிலிருந்து பிளேசரை எடுத்து, வயிற்றை உள்ளிழுத்துப் பொத்தான் போட்டு, மெடல்களைக் குத்திக்கொண்டேன். என் மனைவி சுமதி மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏங்க, காபி குடிக்கப் போறீங்களா, கொடியேத்தப் போறீங்களா?”

பாய் வருவதற்கு முன்பே கடைக்குப் போய்விட்டேன். மூலை மேஜையில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். நல்ல உயரம், ஒட்ட வெட்டிய முடி, வளையாத முதுகு. சந்தேகமே இல்லை, ராணுவம்தான். எதிரே உட்கார்ந்து என் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். எந்த ரெஜிமென்ட்? என்ன ரேங்க்? லெபனானில் எந்த ஊர்?

அவர் புன்னகைத்தார். பேசவில்லை.

குரலை உயர்த்தினேன். கைகூப்பினார். பேசவில்லை. எனக்கு உள்ளூர மரியாதை வந்துவிட்டது. பிடிபட்டால் வாயே திறக்கக் கூடாது என்று பயிற்சி கொடுத்திருப்பார்கள்; மனுஷன் காபிக் கடையிலும் அதைக் கடைப்பிடிக்கிறாரே! சட்டையில் குத்தியிருந்த சின்ன அட்டையை அவர் திரும்பத் திரும்பத் தொட்டுக் காட்டினார். (கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன். பிளேசரோடு கண்ணாடி கம்பீரமாக இருக்காது என்று நினைத்ததும் ஒரு காரணம்.)

கடைசியில் மேஜையைத் தட்டி, “பாஸ்போர்ட்!” என்றேன்.

பாவம், பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தேன். நாடு பிரான்ஸ் இல்லை, பின்லாந்து. பெயரும் மிஷேல் இல்லை.

“ஆக, வேற பேருல திரியறீங்க!” என்று எழுந்தேன். எழுந்த வேகத்தில் பிளேசர் பொத்தான் தெறித்து அவர் காபியில் விழுந்தது. அவர் அலறிவிட்டார்.

“ஐயாம் டென்டிஸ்ட்! ஐ ஹேவ் விசா! ஐ ஹேவ் விசா!”

எனக்குப் பின்னால், வடையும் சாம்பாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த லுங்கி கட்டிய குள்ளமான வெள்ளைக்காரர் எழுந்து வந்தார்.

“சார், அவரு பல் டாக்டரு. பல மாசமா மௌன விரதம், அட்டையிலயும் எழுதியிருக்கு. மிலிட்டரி நான்தான். உக்காருங்க சார், தண்ணி குடிங்க.”

நம்ம ஊர்த் தமிழ்! அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த கரீம் பாய், மெடல்கள், பாஸ்போர்ட், காபியில் மிதக்கும் பொத்தான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

பல் டாக்டரிடம் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டேனோ தெரியாது. அவர் மறுபடி மௌனத்துக்குள் போய், ஒரு காகிதத்தில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தார்: ‘நீங்கள் கத்தியபோது பார்த்தேன். வலது கடைவாய்ப் பல்லை உடனே கவனியுங்கள்.’

மிஷேல் தன் போனில் ஒரு பழைய படத்தைக் காட்டினார். ராணுவ வண்டி மேல் இரண்டு இளைஞர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு.

“இது நான். இவரு ஏழுமலை, டிரைவர். எனக்குத் தமிழ் கத்துக் குடுத்தவரு. எங்க ஊரு மலைய வந்து பாருன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. வந்துட்டேன் சார். மலை இருக்கு. அவரு எங்கன்னு தெரியல. உங்க குரூப்புல கேக்கலாம்னுதான்...”

“இத முன்னாடியே சொல்லக்கூடாதா பாய்?” என்றேன்.

“நீ எங்க சொல்ல விட்ட?” என்றார் பாய்.

அங்கேயே மிஷேலைக் குழுவில் சேர்த்தேன். யாரும் எதிர்க்கவில்லை. அவர் படத்தைப் போட்டதும், எங்கள் குழுவில் இருக்கும் ஏழுமலைகள் ஒவ்வொருவராக ‘நான் இல்லை’ என்று பதில் போட்டார்கள். (எங்கள் மாவட்டத்தில் இந்தப் பெயரைக் கூப்பிட்டால் தெருவே திரும்பும்.) சாயங்காலம் போளூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதினார்: ‘இது எங்க ஊரு ஏழுமலை. அவர்கிட்ட பட்டன் போன்தான். நான் கூட்டி வரேன்.’

ஞாயிற்றுக்கிழமை அதே கடையில் ஏழுமலை வந்து இறங்கினார். மிஷேலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“டேய், முடியெல்லாம் எங்கடா போச்சு?”

“லெபனான்லயே விட்டுட்டேன்டா” என்றார் மிஷேல். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் கரீம் பாயும் சாலையில் போகும் பஸ்ஸைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டோம்.

நட்பு நாட்டவரைச் சேர்க்கலாமா என்ற விவாதம் அதன் பிறகு எழவில்லை. பாஸ்போர்ட் விவகாரம் மட்டும் முடியவில்லை. என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கையில் கரீம் பாய் கதவருகே நின்று கேட்டார்: “மாப்பிள்ளை பாஸ்போர்ட் எடுத்துட்டு வந்திருக்காரா?”

துபாயில் வேலை பார்க்கும் அந்தப் பையன் சட்டென்று பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்துவிட்டான். சிரித்துச் சிரித்துச் சுமதிக்குப் புரையேறியது. பையனை எங்களுக்குப் பிடித்துப்போனது.

இப்போதும் லீவில் வந்தால் மாப்பிள்ளை பாஸ்போர்ட்டை நீட்டி, “வணக்கம் மாமா” என்று வாசலிலேயே நிற்கிறார். நானும் விறைப்பாக வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன்.