எர்த்துக்குப் போன குடம்

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு ரேடியோ உறும ஆரம்பித்தது.

பொங்கியண்ணன் திருப்புளியை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் குத்தவைத்தான். பெட்டிக்குள் ஐந்து வால்வுகளும் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தன. பேச்சும் வரவில்லை, பாட்டும் வரவில்லை. பசியெடுத்த எருமை மாதிரி ஒரே உறுமல்.

"நாலு மணிக்குள்ள நீ அடங்கோணும். சொல்லிப்போட்டேன்" என்று அதனிடம் சொன்னான்.

தபாலில் பாடம் படித்து, சான்றிதழ் வாங்கி, கோயமுத்தூருக்கு ஒன்பது தடவை பஸ் ஏறி, சாமான் சாமானாகச் சேர்த்து அவனே பூட்டிய ரேடியோ அது. வடகரப்பதியில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. பின்பலகை மட்டும் இன்றுவரை மாட்டவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் கழற்ற வேண்டியிருப்பதை எதற்கு மாட்டுவது?

நாற்பது நாளைக்கு முன்னால் முத்தாத்தாள் கோபித்துக்கொண்டு வேலந்தாவளத்துக்குத் தாய்வீடு போனதற்கும் இந்த ரேடியோதான் காரணம். பாடப் புத்தகத்தில், ரேடியோ தெளிவாகக் கேட்க நல்ல எர்த்து வேண்டும், செம்பாக இருந்தால் நல்லது, மண்ணில் ஆழமாகப் புதைக்கவும் என்று போட்டிருந்தது. வீட்டில் செம்பென்று இருந்தது அவள் சீராகக் கொண்டுவந்த குடம் ஒன்றுதான்.

"ஏனுங்க, குடத்தைப் பாத்தீங்களா?" என்று மூன்று நாள் கேட்டாள்.

மூன்று நாளும் அவன் ரேடியோவில் காதை வைத்தபடி "ம்" என்றான்.

நாலாம் நாள் ரேடியோவின் பின்னாலிருந்து போன ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அது ஜன்னலைத் தாண்டி, மாட்டுச்சாளையைச் சுற்றி, கொல்லையில் மண்ணுக்குள் இறங்கியது. தோண்டினாள். குடத்தின் கழுத்து தெரிந்தது. அதில் அவன் கம்பியைப் பற்றவைத்திருந்த அழகும் தெரிந்தது.

"நான் சொன்னா உங்க காதுல ஏறாது. அந்தப் பொட்டி சொன்னாத்தான் ஏறும். அதுகூடவே குடித்தனம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுச் சாயங்கால பஸ் ஏறினவள்தான்.

அவள் இல்லாத வீட்டில் பாட்டுக் கேட்பதுகூடப் பொங்கியண்ணனுக்குச் சலித்துவிட்டது. இரண்டு கடிதம் போட்டான். பதில் இல்லை. அப்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. இலங்கையிலிருந்து ஞாயிறு நாலு மணிக்கு வரும் நேயர் விருப்பத்தில், யார் கார்டு போட்டாலும் பேரை வாசித்து, அதில் இரண்டு வரி எழுதியிருந்தால் அதையும் வாசிப்பார்கள். "என் அன்பு மனைவி முத்தாத்தாளுக்காக" என்று எழுதி ஒரு கார்டு போட்டான். அவளுக்கும், 'ஞாயிறு தவறாமல் நாலு மணிக்குக் கேள், நம் பேர் வரும்' என்று மூன்றாவது கடிதம் எழுதினான். அதற்கும் பதில் இல்லை. ஆனால் போன வாரம் மாட்டுச் சந்தையில் பார்த்தபோது, "பாப்பா ஞாயித்துக்கெழமையானா ரேடியோவுக்கு முன்னாலயே உக்காந்திருக்குதுங்க மாப்ள" என்று மகளைப் பற்றி மாமனார் சொன்னார். அது போதாதா?

"குடத்தைத் தோண்டியெடுத்துக் கொண்டுபோய்க் குடுத்துட்டு அவளக் கூட்டிட்டு வாடா" என்று பக்கத்து வீட்டிலிருந்த அவன் அக்கா பழனாத்தாள் தினமும் சொன்னாள். குடத்தை எடுத்துவிட்டால் ரேடியோ கேட்காது. ரேடியோ கேட்காவிட்டால் முத்தாத்தாள் பேர் வந்ததே தெரியாது. இது ஏன் அக்காவுக்குப் புரியவில்லை என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

கடியாரம் மூன்றே முக்கால் காட்டியது.

எர்த்து காய்ந்தால் உறுமல் வரும் என்பது பாடம். கொல்லைக்கு ஓடி, குடம் புதைத்த இடத்தில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தான். உறுமல் நின்றிருந்தது. கூடவே ரேடியோவின் சத்தமே சுருங்கியிருந்தது. இலங்கை, காதுக்குள் போன கொசுவைப் போல எங்கோ ஒரு மூலையில் முனகியது. முள் ஓடும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த குட்டி பல்பு மங்கி மஞ்சளாகிவிட்டது.

'ஓல்ட்டேஜ்!' என்று பல்லைக் கடித்தான் பொங்கியண்ணன். அக்கா வீட்டுக்காரர் குப்பண்ணன் கடலைக்காட்டுக்கு மோட்டார் போட்டிருப்பார்.

வரப்பில் ஓடிப் போனான். மோட்டார் அறை வாசலில் குப்பண்ணன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் ஆணியில் அவருடைய டிரான்சிஸ்டர் தொங்கியது.

"மாமா, மோட்டாரைச் சித்த நிறுத்துங்க!"

"ஏன் மாப்ள, கெணத்துல யாராச்சும் உளுந்துட்டாங்களா?"

"நாலு மணி நிகழ்ச்சிங்க. ஓல்ட்டேஜ் பத்தல."

"எனக்குந்தான் நாலு மணி நிகழ்ச்சி. இங்க பாரு, இதுக்கு ஓல்ட்டேஜும் வேண்டாம், செப்புக்குடமும் வேண்டாம். மூணு பேட்டரிக்கட்டை போட்டாப் பாடுது."

"அதெல்லாம் தகர டப்பாங்க மாமா. மூக்குல பேசும்."

"மூக்குலயோ வாயிலயோ, பேசுதுல்ல?"

பொங்கியண்ணனால் நிற்க முடியவில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றினான். "இன்னைக்கு அவ பேரு வந்தாலும் வருமுங்க மாமா" என்றான்.

குப்பண்ணன் அவன் முகத்தைப் பார்த்தார். எழுந்துபோய் சுவிட்சைத் தட்டினார். காடு முழுக்க அமைதியானது.

"நாலரை வரைக்குந்தான். உங்கக்காகிட்டச் சொல்லீராத."

வந்த வேகத்தைவிட வேகமாகத் திரும்பினான். குட்டி பல்பு இப்போது பளீரென்று எரிந்தது. கொஞ்சம் அதிகமாகவே பளீரென்று எரிந்தது. இலங்கை அறிவிப்பாளர் கூடத்தில் நின்று பேசுவதுபோலக் கணீரென்று, "வணக்கம் நேயர்களே, நேரம் சரியாக நாலு மணி" என்றார்.

'டப்' என்றது ரேடியோ. அவ்வளவுதான்.

மோட்டார் நின்றதும் ஏறிய ஓல்ட்டேஜில் ஃபியூஸ் போய்விட்டது. வேறு ஃபியூஸ் கம்பி வீட்டில் இல்லை. எர்த்துக்குப் போக மிச்சமிருந்த செப்புக்கம்பியை மூன்று முறுக்காக முறுக்கிக் கட்டினான். இனிமேல் ஃபியூஸ் போகவே போகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுவிட்சைப் போட்டான்.

ஃபியூஸ் போகவில்லைதான். தெருவில் மின்கம்பத்தின் உச்சியில் தீபாவளி மாதிரி ஒரு வெடி வெடித்தது.

உள்ளே அவசரத்தில் இருந்த பொங்கியண்ணனுக்கு அது காதில் விழவில்லை. ரேடியோ ஏன் பேசவில்லை என்பதுதான் அவன் கவலை. ஒவ்வொரு வால்வாகக் கழற்றித் துடைத்து மாட்டினான். ஒரு ஒயர் விட்டிருக்குமோ என்று பற்றவைக்கச் சால்டரிங் அயர்னை எடுத்தான். அது சூடேறவில்லை. அதற்கும் கோளாறு என்று அதையும் பிரித்தான். பிரித்ததை உற்றுப் பார்க்க வெளிச்சம் போதாமல் விளக்கைப் போட்டான். விளக்கும் எரியவில்லை.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஃபியூஸுக்குப் பதிலாக லைனே போயிருந்தது. மணி நாலு முப்பத்தைந்து. நிகழ்ச்சி முடிந்துபோயிருந்தது.

வாசலில் நிழல் தட்டியது. பழனாத்தாள் நின்றிருந்தாள்.

"டேய், இன்னும் இங்கயா உக்காந்திருக்கறே? கேட்டியா இல்லியா?"

சுற்றிலும் வால்வுகளைப் பரப்பிக்கொண்டு, நானே செய்த ரேடியோ கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

"கேக்காம?" என்றான். பிறகு மெல்ல, "எம்பட பேரு வந்துச்சில்லீங்க்கா?" என்று ஆழம் பார்த்தான்.

"வராம! உம் பேரு, அவ பேரு, ஊர்ப் பேரு எல்லாம் வந்துச்சு. மோட்டாரு சத்தம் இல்லாததுல உங்க மாமனுக்கு ஒரு எழுத்து உடாமக் கேட்டுருக்குது."

பொங்கியண்ணன் துள்ளி எழுந்தான். அவன் போட்ட கார்டு வந்துவிட்டது! ஊரே கேட்டிருக்கிறது!

"அப்பறம் என்ன நிக்கறே? அஞ்சு மணி பஸ்ஸு போயிரும். கெளம்பு வேலந்தாவளத்துக்கு."

வேலந்தாவளத்தில்தான் லைன்மேன் குடியிருந்தார். லைன் போனது தன்னால்தான் என்று அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று அவன் திகைத்தான்.

"நானே போயித்தான் கூப்புடோணுமாக்கா?"

"பின்ன, ஊர்க்காரங்க போயிக் கூப்புடுவாங்களா? தப்புப் பண்ணுனது நீதான? நீதான் போகோணும்."

"ஞாயித்துக்கெழமையாச்சே. வருவாங்களா?"

"வராம? நீ போயி நின்னாப் போதும். சட்டைய மாத்திட்டுப் போ, சாமி."

லைன்மேனைக் கூப்பிட எதற்குச் சட்டையை மாற்ற வேண்டும் என்று கேட்க நேரமில்லை. மாற்றினான். நடந்தான். வரப்பிலிருந்து குப்பண்ணன் துண்டை வீசினார்.

"நல்லபடியாக் கூட்டிட்டு வா மாப்ள! கடலைக்குத் தண்ணி நாளைக்குப் பாத்துக்கலாம்!"

கரண்ட் இல்லாமல் மோட்டார் நின்றுபோன மனுஷன் இவ்வளவு சிரிப்பாரா? பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை சூசையப்பன் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "இருட்டறதுக்குள்ள கூட்டிட்டு வந்துருங்க தம்பி" என்றார். பெஞ்சில் இருந்த நாலு பேரும் ஒரே சமயத்தில் டீயைப் பார்த்துச் சிரித்தார்கள். ஊருக்கே வெளிச்சத்தைக் கெடுத்தவனை ஒருவரும் திட்டவில்லை. தன் கார்டு எல்லார் மனதையும் இளக்கிவிட்டது என்று பொங்கியண்ணன் நினைத்துக்கொண்டான்.

லைன்மேன் பொன்ராஜ் சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இங்கே மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகிறது. டிரான்சிஸ்டரைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்தவர், பேரைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"வடகரப்பதி பொங்கியண்ணனா? இப்பத்தான ரேடியோவுல ஒங்க பேரு வந்துச்சு! என்னையத் தேடி எதுக்கு வந்திய அண்ணாச்சி?"

"லைன் போயிருச்சுங்க. வந்து பாக்கோணும்."

"அதுக்கென்ன, வாரேன். ஆறு மணி பஸ்ஸுக்கு ஸ்டாண்டுல நிக்கேன். நீங்க ஒங்க மாமனார் வீட்டுக்குப் போய்ட்டு வாங்க மொதல்ல."

பொங்கியண்ணனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். பேர் வந்தபிறகும் அந்தத் தெருவைத் தாண்டிப் போனால் அவன் மனுஷனா? மாமனார் வீட்டுப் பக்கம் திரும்பினான்.

முத்தாத்தாள் வாசற்படியில் நின்றிருந்தாள். மஞ்சள் சேலை. தலை நிறையக் கனகாம்பரம். காலடியில் அவளுடைய தகரப்பெட்டி.

நாற்பது நாள் யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் அவனுக்கு மறந்துபோனது.

"கேட்டீங்களா?" என்றாள் அவள்.

"நீ கேட்டியா?"

"கேக்காம? அப்பன், அம்மா, அக்கம்பக்கம் எல்லாருந்தான் கேட்டோம். நெம்ப வெக்கமாப் போயிருச்சு. நீங்க கேட்டிருப்பீங்களோ மாட்டீங்களோன்னுதான் எனக்கு அடிச்சுட்டே இருந்துச்சு. அந்தப் பொட்டிய எந்த நேரமும் பிரிச்சுப் போட்டுட்டில்ல உக்காந்திருப்பீங்க?"

இந்த இடத்தில் பொங்கியண்ணன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கண்ணில் அப்படியொரு பிரியம். கூடவே ரேடியோவின் மானமும் இருக்கிறது.

"ஒரு எழுத்து உடாமக் கேட்டேன்" என்றான். "உன்ற கொடத்துப் புண்ணியம், கண்ணாடியாட்டம் கேட்டுது."

"நெசமாலுமா?"

"பின்ன? கேக்காமயா இப்படி ஓடியாருவேன்?"

முத்தாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "கொடத்தை நாளைக்கே தோண்டிக் குடுத்துப்போடோணும்."

"இன்னைக்கே!"

அவன் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். நாற்பது நாளில் இவ்வளவு லேசாக எதையும் தூக்கியதில்லை.

பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். முன்சீட்டில் பொன்ராஜ், ஒயர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பிப் பேசிக்கொண்டே வந்தார். முத்தாத்தாளின் விரல் பொங்கியண்ணனின் சட்டை ஓரத்தைப் பிடித்திருந்தது.

"அப்பொறம், லைன் எப்பிடிப் போச்சு அண்ணாச்சி?"

"அது… தானாவே போயிருச்சுங்க."

"தானாப் போகாதே. சரி, வந்து பாக்கேன்." பொன்ராஜ் ஒரு நோட்டைப் பிரித்துக் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "எத்தன மணிக்குப் போச்சு?"

"சாயங்காலமுங்க."

"சாயங்காலம்னு எழுதுனா ஆபீஸ்ல ஏசுவாங்க. மணி சொல்லுங்க."

"எங்கூட்டுக்காரரு மணியில நெம்பக் கரெக்டுங்க" என்றாள் முத்தாத்தாள் பெருமையாக. "நிமிஷத்தோட சொல்லுவாரு."

அந்தப் பெருமையில் பொங்கியண்ணனும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"நாலு மணி அஞ்சு நிமிஷமுங்க" என்றான்.

எழுதிக்கொண்டிருந்த பென்சில் நின்றது. பொன்ராஜ் மெல்லத் திரும்பி முத்தாத்தாளைப் பார்த்தார். பிறகு பொங்கியண்ணனைப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்:

"நாலு அஞ்சுக்கே கரண்டு போச்சுன்னா, நாலே காலுக்கு இந்தம்மா எழுதிப் போட்ட கார்டை வாசிச்சாங்களே, 'எம்பேச்சக் கேக்காத எம் புருசன் ரேடியோ பேச்சையாவது கேக்கட்டும், இதக் கேட்ட அன்னைக்கே வந்து என்னையக் கூட்டிட்டுப் போகட்டும்'னு… அத நீங்க எதுல கேட்டிய அண்ணாச்சி?"