சவரிமுத்து கழற்றிய கோட்டு

என் வாழ்நாளில் நான் பேயை நம்பியது ஒரே ஒரு நாள்தான். அந்தப் பேயை உண்டாக்கியவனும் நானே என்பதை இதுவரை வெளியில் சொன்னதில்லை.

திண்டிவனத்தில் நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் பேனர் கடை நடத்துகிறோம். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். பழையது மூச்சு வாங்க ஆரம்பித்ததால் விழுப்புரம் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். அதன் டிடிஆர் 4 வகை ரேமில், அதாவது நினைவகத்தில், பதினாறு என்று போட்டிருந்தது. பழைய டிடிஆர் 3 ரேமில் ஒன்பது. கேட்டதை எடுத்துக் கொடுக்க ரேம் எத்தனை துடிப்பு காக்க வைக்கும் என்பதற்கான எண் அது. என் அறிவு அதோடு சரி. ஆகவே மெதுவான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். (நம்மகிட்டயேவா?)

புதிய ரேமின் ஒவ்வொரு துடிப்பும் பழையதைவிடச் சின்னது என்பது எனக்குத் தெரியாது. நெட்டையன் ஒன்பது எட்டு வைத்துக் கடக்கும் தெருவை, குட்டையன் வேகவேகமாகப் பதினாறு எட்டு வைத்து ஏறக்குறைய அதே நேரத்தில் கடந்துவிடுவான். அதன்பிறகு அள்ளிக் கொட்டும் வேகத்தில்தான் புதியது கெட்டி. நானோ காலடியை மட்டும் எண்ணினேன். மறுநாள் காலை கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் புகுந்து பதினாறை ஒன்பதாக்கினேன். திரையே வரவில்லை. பத்து, பதினொன்று என்று ஏற்றிப் பார்த்ததில் பன்னிரண்டில் எழுந்துகொண்டது. விஞ்ஞானி மாதிரி ஸ்டெல்லாவைப் பார்த்தேன். நல்லா ஓடிக்கினு இருந்ததை ஏன் நோண்டுறீங்க என்றுதான் கேட்டாள்.

பத்து மணிக்குப் பெருமுக்கல் பக்கத்திலிருந்து மேரி என்ற பெண் வந்தார். வேர்க்கடலை மூட்டை தூக்கும் அவருடைய அப்பா சவரிமுத்து விடியற்காலையில் இறந்திருந்தார். நாலு மணிக்கு அடக்கம். அதற்குள் தெருமுனையில் பேனர் நிற்க வேண்டும். செல்போனில் இருந்தது ஒரே படம், பனியனும் தோளில் துண்டுமாக. எங்கள் தொழிலில் இறந்தவருக்குக் கோட்டும் டையும் மாட்டிவிடுவது வழக்கம். (சட்டைக்குப் பட்டன் இல்லாதவரும் எங்க கடைக்கு வந்தா மேனேஜர்தான்.)

"எங்கப்பா மல்லாட்ட மூட்ட தூக்கியே போய்ட்டாருங்க. ஒரு நாளாவது கோட்டு போட்டுக்கினு மரியாதையா நிக்கட்டும்," என்றார் மேரி.

கோட்டை மாட்டி, சேமித்து, மறுபடி திறந்தேன். சவரிமுத்துவின் இடது கண் தாடையில் இருந்தது. அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். இந்த முறை வாய் நெற்றிக்கு மேலே போயிருந்தது. மூன்றாவது தடவை முகம் பட்டை பட்டையாக நழுவிக் காலருக்கு வெளியே நின்றது. கோட்டு மட்டும் மூன்று தடவையும் கசங்காமல் அப்படியே இருந்தது. ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். என் கை மயிர் நட்டுக்கொண்டது.

மேரி திரையையே வெகுநேரம் பார்த்தார்.

"அப்பாவுக்குப் புடிக்கலங்க. கழட்டிட்டுப் போறாரு. பனியனோடவே போட்டுடுங்க."

பனியனோடு போட்டேன். முதல் தடவையிலேயே முழு முகமாக வந்து என்னை நேராகப் பார்த்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

அடுத்த வாரம் வந்த சர்வீஸ்காரர் பன்னிரண்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி பதினாறாக்கினார். அவசரப்படுத்தினால் ரேம் தப்பும் தவறுமாகத்தான் எடுத்துக் கொடுக்குமாம். கோட்டுப் படம் கனமான வேலை என்பதால் மாட்டிக்கொண்டது. பனியன் படம் சின்னது, தப்பித்தது. ஆக, அந்த மனிதருக்குக் கிடைக்கவிருந்த ஒரே கோட்டைப் பறித்தவன் நான்.

முதலாண்டு நினைவு நாள் பேனருக்கு மேரி வந்தபோது சொல்லிவிடத்தான் நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பக்கத்தில் நின்ற ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா யாரு சொன்னாலும் கேக்க மாட்டாருங்க. செத்தப்பறமும் இந்தக் கடைல வந்து கோட்ட கழட்டிட்டாரு."

சிரித்தார், கண் நிறைந்திருந்தது. வீட்டில் பேரப்பிள்ளைகள் வரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இன்றுவரை ஒவ்வொரு வருஷமும் பனியன் படம்தான். ஸ்டெல்லாவும் விடாமல் கேட்கிறாள்: ரேம்தான் சரியாயிடுச்சே, யாரும் இல்லாதப்ப ஒரு தடவ கோட்ட மாட்டித்தான் பாருங்களேன். போன வருஷம் துணிந்து மவுஸைக் கோட்டின் மேல் வைத்தேன். திரையிலிருந்து சவரிமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளிடம் டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.