டேபிள் ஃபேன் அக்கா உட்கார்ந்து பார்த்த படம்

யாரை வேண்டுமானாலும் ஓரிடத்தில் உட்கார வைத்துவிடலாம். எங்கள் டேபிள் ஃபேன் அக்காவை மட்டும் முடியாது. புயல்கூடப் புதுச்சேரிக்கு வந்தால் ஒரு ராத்திரி தங்கிவிட்டுத்தான் போகும். அக்கா ஒரு நிமிஷம் தங்கமாட்டாள்.

செல்போன் வைத்திருந்தவர்களைப் பணக்காரர்கள் என்று நாங்கள் நினைத்த காலம் அது. புதுச்சேரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் எனக்கும் அவளுக்கும் ஒரே அறை. பேசும்போது அவள் தலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திரும்பிக்கொண்டே இருக்கும். கால் ஆடும், கட்டில் ஆடும், கட்டிலோடு சேர்ந்து நானும் ஆடுவேன். நின்றுகொண்டு சாப்பிடுவாள். தூக்கத்தில் சைக்கிள் மிதிப்பாள். பஸ் சிக்னலில் நின்றால் போதும், எழுந்து டிரைவரிடம் விசாரிக்கப் போய்விடுவாள். டேபிள் ஃபேன் என்ற பட்டப்பெயரை யார் வைத்தார்களோ தெரியாது, அவள் அம்மா வைத்த பெயர் எங்களுக்கு மறந்தே போயிற்று.

இப்படிப்பட்டவளுக்கு வேலை, ஒரு தனியார் லேபில் ரத்தம் எடுப்பது! நம்பமாட்டீர்கள், ஊசியைப் பிடித்துவிட்டால் மட்டும் அந்தக் கை கல்லாகிவிடும். குத்தியதே தெரியாது. பஞ்சை வைத்து அழுத்திய மறு நொடி பழையபடி சுற்ற ஆரம்பித்துவிடுவாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எதைக் கொடுத்தாலும் நிறை குறை சொல்லுவாள், அதிலும் குறையை முதலில். "சாம்பார்ல குறை என்னான்னா, பருப்பு இல்ல. நிறை என்னான்னா, சுடுது." விடுதிச் சமையற்காரம்மா இவள் தலையைக் கண்டாலே கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் அவளுடைய அண்ணன் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தார். வந்தவர்களும் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒரு முறை காபித் தட்டோடு வந்தவள் தட்டை வைத்துவிட்டு, வாசலில் நின்ற வேன் டிரைவருக்குக் காபி கொடுக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டார்கள். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். "பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா நிக்கமாட்டேங்குது."

கடைசியில் அண்ணன் விடுதி போனுக்கே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "மாப்ள அங்க புதுச்சேரியிலயே, கதிர்காமத்துல மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கறாரு. கல்யாணத்துக்கு அப்புறமும் நீ வேலைக்குப் போலாம்னு சொல்றாங்க. இதுவும் கூடலன்னா ரூம காலி பண்ணிட்டு வந்துடு. ஊருலயே ஒருத்தனப் பாத்து முடிச்சிடறேன்."

அன்று ராத்திரி அக்கா அறைக்குள் நடந்த தூரத்துக்கு நேராக நடந்திருந்தால் கடலூர் போய்ச் சேர்ந்திருக்கலாம். "ஏண்டி, நான் போமாட்டேன். இந்த ஊரு எனக்குப் புடிச்சிருக்கு. என்னா பண்ணப்போறேன், சொல்லு" என்று என்னை உலுக்கினாள்.

அப்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. "அக்கா, தியேட்டருக்கு வரச் சொல்லு. இருட்டு. எல்லாரும் படத்தப் பாப்பாங்க. நீ ஆடினாலும் தெரியாது."

ஏற்பாடு இதுதான். மதியக் காட்சி. பால்கனியில் நடு வரிசையில் பக்கத்து இரண்டு சீட்டில் பூப்போட்ட கர்ச்சீப் போட்டு வைப்போம். மாப்பிள்ளையின் அம்மா பச்சைப் புடவையில் வருவார். அண்ணன் அனுப்பிய போட்டோவில் மீசையோடு இருந்த மாப்பிள்ளையும் கூட வருவார். பிடித்தால் அப்புறம் முறைப்படி வீட்டுக்கு.

ஓடிய படம் தமிழில் பேசவைத்த வெளிநாட்டுப் படம். கதாநாயகிக்கு உள்ளங்கையில் மின்னல் வரும். விளக்கு அணைந்த பிறகு ஓர் அம்மாவும் மகனும் தட்டுத்தடுமாறி வந்து கர்ச்சீப் சீட்டில் உட்கார்ந்தார்கள். புடவை பச்சையா என்று பார்த்தேன். இருட்டில் எல்லாப் புடவையும் பச்சைதான்.

"வந்துட்டாங்க. ரத்தம் எடுக்கறதா நெனச்சிக்கோ" என்று அக்கா காதில் ஓதினேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவுதான், சிலை! திரையில் கட்டடம் சரிகிறது, பஸ் பறக்கிறது, அக்கா அசையவில்லை. இடைவேளை வருவதற்குள் என் விரல்கள் மரத்துப்போயின.

விளக்கு எரிந்தது. நான் குழைந்துகொண்டே அந்த அம்மாவிடம், "கதிர்காமத்துலேர்ந்து பஸ்ஸு ஒடனே கெடச்சிதாம்மா?" என்றேன்.

"எந்தக் கதிர்காமம்? நாங்க அரியாங்குப்பம். இந்தா, இது ஒங்க கர்ச்சீப்பா? சீட்டுல கெடந்துச்சி, எடுத்து வெச்சேன்."

புடவை சிவப்பு.

"வரலியாடி?" என்றாள் அக்கா. "வரலக்கா" என்றேன். அவள் கண் நிறைந்துவிட்டது. "அப்ப ஊருக்குப் போவ வேண்டியதுதான்" என்று முணுமுணுத்தாள். பிறகு எழுந்து நின்றாள். ஒரு பாதிப் படம் முழுக்க அடக்கி வைத்தது, அழவேண்டிய ஆத்திரத்தோடு சேர்ந்து கதாநாயகியின் தலையில் கொட்டியது.

"என்னா படம் இது! மொதல்ல குறை. ஊரக் காப்பாத்தப் போறவ தலைய விரிச்சிப் போட்டுட்டா போவா? ஒரு கிளிப்பு கெடைக்கலியா? முதுகுல அவ்ளோ நீளத் துணி! நம்மூரு பொம்பள முந்தானைய சொருவாம நண்டு கூடப் புடிக்கமாட்டா. மின்னலு அவ கையில வருது, அதுக்கு அந்தக் கண்ணாடிக்காரன் எதுக்கு அர மணி நேரம் கிளாஸ் எடுக்கறான்? காலைலேர்ந்து சண்ட போடறாளே, ஊருல ஒருத்தனாவது சாப்டியாம்மான்னு கேட்டானா?"

தலை வலக்கோடிக்கும் இடக்கோடிக்கும் சுற்றியது. பால்கனியே முறுக்கை நிறுத்திவிட்டுக் கேட்டது. எவனோ விசிலடித்தான். விளக்கு அணைந்து படம் மறுபடி தொடங்கியது, அக்கா உட்காரவில்லை.

"நிறை ஒண்ணு இருக்குடி" என்றாள், குரல் இறங்கிவிட்டது. "அந்த பஸ்ஸு விழும்போது ஓடனா பாரு. அப்பனக் கேக்கல, அண்ணனக் கேக்கல. போவணும்னு தோணுச்சி, போயிட்டா. அதுக்கோசரம் இன்னொரு தடவகூடப் பாக்கலாம்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஒக்காரும்மா. மறைக்குது."

திரும்பினோம். திரையின் வெளிச்சத்தில் பச்சைப் புடவை. பக்கத்தில் போட்டோவில் பார்த்த அதே மீசை, கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

"எங்க எடத்துல ஆரோ ஒக்காந்துட்டாங்க. படமும் போட்டுட்டான். அதான் மொதல்லேர்ந்து இங்கியே இருக்கறோம்" என்றார் அந்த அம்மா.

கரண்ட் போனதுபோல அக்கா நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். மீதிப் படம் முழுக்க அசையவில்லை. என் கையைப் பிடிக்கவும் இல்லை. எனக்குத்தான் கால் ஆடிக்கொண்டே இருந்தது. என் யோசனையால் ஒரு பெண்ணின் ஊரே பறிபோகப்போகிறதே!

படம் முடிந்து வெளியே வந்ததும் அந்த அம்மா அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "மத்த எடத்துல பொண்ணு தலையக் குனிஞ்சிக்கினு வரும், நாங்களும் ஒண்ணும் தெரியாமத் திரும்பி வருவோம். இது முழுசாத் தெரிஞ்சிடுச்சி" என்றார். அது நிறையா குறையா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை அப்போதுதான் அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"சாப்டீங்களா?"

அக்கா இல்லை என்று தலையாட்டினாள். ஒரே ஒரு முறை, நிதானமாக.

தை மாதம் கல்யாணம் முடிந்து அக்கா கதிர்காமத்துக்குப் போய்விட்டாள். அன்று ராத்திரி கட்டில் ஆடவில்லை, யாரும் சைக்கிள் மிதிக்கவில்லை, அறை அவ்வளவு அமைதி. குறையை முதலில் சொல்லிவிடுகிறேன்: எனக்குத் தூக்கமே வரவில்லை. நிறையை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.