விரல் இல்லாத கால் அளவு

குவைத்தின் ஃபஹாஹீல் கடைத்தெருவில் ‘ஜப்பான்காரர்’ கவிழ்த்துப் பார்க்காத சாமான் எதுவும் எழுபதுகளில் எந்தத் தமிழர் வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. டேப் ரிக்கார்டரோ தெர்மாஸ் பிளாஸ்க்கோ, முதலில் தட்டுவார், பிறகு முகர்வார், அப்புறம் காதில் வைத்துக் கேட்பார். பிளாஸ்க் அவரிடம் என்ன சொன்னது என்று விசாரிக்கும் தைரியம் எங்களில் யாருக்கும் வந்ததில்லை.

ஆள் அசல் தூத்துக்குடி. பம்ப் வேலை படித்துவிட்டு வரச்சொல்லி கம்பெனி அவரை ஆறு மாதம் ஜப்பானுக்கு அனுப்பியது. அதோடு சொந்தப் பெயர் போயிற்று. திரும்பி வந்ததிலிருந்து எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் இடுப்பை வளைத்து வணக்கம் வைப்பார். ஒரு நாள் ஃபோர்மனுக்கு வைத்தார். ஏதோ கீழே விழுந்துவிட்டதாக்கும் என்று அந்த மனிதரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைச் சாப்பாடு அவருக்கு எங்கள் வீட்டில்தான். ரசம் வந்ததும் ஜப்பான் கதையும் வந்துவிடும். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடம் எடுத்தவர் தன் குடும்பத்தோடு இவரையும் பெரிய கடைக்குக் கூட்டிப்போன கதை. ஒரு வாரம் அந்த வாத்தியாருக்கு இரண்டு பிள்ளைகள், அடுத்த வாரம் நான்கு.

“அங்கிள், லாஸ்ட் வீக் டூ கிட்ஸ்னு சொன்னீங்களே?” என்று எங்கள் ஆறு வயது உமா பிடித்துக்கொள்வாள்.

“கூட்டத்துல எவன் எண்ணுனான் தாயி? அந்தம்மா சின்னவளுக்கு ஷூ வாங்குனா பாரு, தரையில முட்டி போட்டு, முன்பக்கத்தக் கட்டைவிரலால அமுக்கி அமுக்கிப் பாத்தா. ஆறு மாசம் படிச்சதுல அது ஒண்ணுதான் மனசுல நிக்கி.”

அவருக்கும் உமா வயதில் ஊரில் ஒரு மகள் இருந்தாள். மூன்று வயதில் பார்த்ததோடு சரி.

மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்கிற வெள்ளிக்கிழமை, காலையிலேயே பேயறைந்த முகத்தோடு வந்து நின்றார். கையில் நீல ஏரோகிராம். மகளுக்கு ஷூ வாங்க அளவு கேட்டு எழுதியிருக்கிறார். மனைவியும் பிள்ளையைக் கடிதத்தின் மேலேயே நிற்கவைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பியிருக்கிறாள். விரல்கள் மட்டும் பசை போட்டு ஒட்டுகிற மடிப்பில் போய் விழுந்துவிட்டன.

“ஆசையில பரக்குன்னு கிழிச்சிட்டேன் சார். குதிகால் இருக்கு, விரலைக் காணோம்.”

“கிழிஞ்ச துண்டு எங்க?”

“கேம்ப் ரூம்ல பெருக்கித் தள்ளிட்டானுவ. குப்பைத்தொட்டிக்குள்ளயே இறங்கிப் பாத்துட்டேன். மூணு வருசம் கழிச்சுப் போறேன் சார். அளவு தப்பிட்டுன்னா, யாரோ ஒரு ஆளு வந்திருக்கான்னு புள்ள நெனச்சிருவாளே!”

என் மனைவி உமாவை இழுத்து முன்னால் நிறுத்தினாள். “இவ காலைக் கூட்டிட்டுப் போங்கண்ணா.” கால் தனியாகப் போகாதே, நாங்களும் போனோம்.

ஊருக்கெல்லாம் ஒரே தட்டில் தீர்ப்பு சொல்கிறவர், செருப்புக் கடையில் தலைகால் புரியாமல் நின்றார். உமாவின் குதிகாலைக் கடிதத்தின் மேல் வைத்தார். உமாவுடையது சற்று அகலம்.

“அப்போ அவளுக்கு நீளமும் கம்மியோ? ஆனா எங்க வம்சத்துக்கே நீளக் காலு. அவ அம்மைக்குக் குட்டைக் காலுல்லா?” சொல்லிக்கொண்டே தன் ஷூவைக் கழற்றித் தன் பாதத்தையே முறைத்துப் பார்த்தார்.

“பாய், நம்பர் போலோ! யல்லா, ஜல்தி!” என்று நம்பரைச் சீக்கிரம் சொல்லச்சொல்லிக் கடைக்காரர் கத்த, பதற்றத்தில் அவருக்கும் ஒரு வணக்கம் வைத்தார். பதினோரு ஜோடி இறங்கியது. எல்லாவற்றையும் தட்டினார், முகர்ந்தார், காதில் வைத்தார். உமா அழுகிற கட்டத்துக்கு வந்துவிட்டாள். கடைசியில் தரையில் முட்டி போட்டு, அவள் காலில் இருந்த சிவப்பு ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அமுக்கினார். நெடுநேரம் விரலை எடுக்கவில்லை.

“வளந்திருப்பா. இதவிட ஒரு நம்பர் பெருசா எடுத்துருவோம்” என்றார், எங்களிடம் கேட்கிற குரலில். எங்களுக்கு மட்டும் என்ன தெரியும்?

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தவரை என் மனைவி வாசலிலேயே மறித்தாள். “அளவு சரியா இருந்துச்சாண்ணா?”

“எங்கக்கா சரியா இருந்துச்சு! ரெண்டு நம்பர் பெருசு. உள்ள துணியத் திணிச்சிக்கிட்டு, ரெண்டு மாசமும் அதத்தான் போட்டுக்கிட்டு அலைஞ்சா. நடந்தா கழலுது, காலை இழுத்து இழுத்து ஓடியாரா. கேட்டா, ‘சரியா இருக்குப்பா’ன்னு பொய் சொல்லுதா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்ணில் தண்ணீர் நின்றது. அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு. கூச்சம் விடவில்லை. அன்றைக்கு அவருக்கு நானே சோறு பரிமாறினேன்.