மலைப்பாம்பு வங்கியில் ஒரு நடப்புக் கணக்கு

ஒரு காட்டில் பூவலிங்கம் என்கிற தூக்கணாங்குருவி காண்ட்ராக்ட் எடுத்துக் கூடு பின்னிக்கொண்டிருந்தது. யானை அலுவலகம் கூலிக்குக் காசோலை கொடுத்தது. நடப்புக் கணக்கில்தான் போட வேண்டுமாம். அது காசானால்தான் சொந்தக் கூட்டுக்கு நார் வாங்கலாம். மழைக்கு முன் கூடு தயாராகாவிட்டால் வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொள்வதாக, அதற்குப் பேசி வைத்திருந்த பெண்குருவி சிவகாமு சொல்லியிருந்தது.

நரி வங்கியில் இருப்பு குறைந்தால் கட்டணம். குறைந்ததைக் குறுஞ்செய்தியில் சொல்ல இன்னொரு கட்டணம். இதெல்லாம் எதற்கு என்று கேட்டதற்கு, நரி விசாரணைக் கட்டணம் எழுதிக்கொண்டது.

ஆற்றோரத்தில் மலைப்பாம்பு வங்கி திறந்திருந்தது. திறந்திருந்தது பாம்பின் வாய்.

"எங்ககிட்ட எதுக்குமே கட்டணம் இல்ல சார். உள்ள வாங்க."

"வாடிக்கையாளருங்க என்ன சொல்றாங்க?"

"வந்தவங்க ஒருத்தர்கூட குறை சொல்லித் திரும்பிப் போனதில்ல."

பூவலிங்கத்துக்கு மனம் குளிர்ந்தது. நாக்கில் உட்கார வைத்து, தடிமனான ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள். உள்ளே முயலும் எலிகளும் டோக்கனோடு காத்திருந்தன.

தூக்கணாங்குருவிக்குச் சும்மா காத்திருக்க வராது. விண்ணப்பத்தை நாராகக் கிழித்து, மேல்பல்லில் ஒரு முடிச்சு, கீழ்ப்பல்லில் ஒரு முடிச்சு என்று பின்ன ஆரம்பித்தது. பாம்பு வாயை மூடப் பார்த்தபோது பாதிக் கூடு குறுக்கே நின்றது.

தேடி வந்த சிவகாமு, குல வழக்கப்படி பாதிக் கூட்டைச் சோதித்தது. தொங்கிப் பார்த்தது, இழுத்துப் பார்த்தது.

"பரவாயில்ல. மழை அடிக்காது, ஏசி மாதிரி இருக்கு. இதையே முடிச்சிடுங்க."

முயலும் எலிகளும் டோக்கனைப் போட்டுவிட்டு வெளியே ஓடின. பசி தாங்காத பாம்பு, திறந்த வாயோடு குழறிக்குழறிக் கெஞ்சியது. காசோலையை இப்போதே மாற்றித் தருகிறேன், கூட்டை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றது.

சிவகாமு யோசித்தது.

"காலி பண்ணச் சொல்றது நீங்க. அப்ப மாசாமாசம் எங்களுக்கு ஒரு கட்டணம் வரணுமில்ல?"

பாம்பு தலையாட்டியது. கூடும் கூடவே ஆடியது.

இப்போது பூவலிங்கம் ஆற்றோரப் பனையில் சிவகாமுவோடு வசதியாக இருக்கிறது. அதற்குத் தரும் பணத்தை ஈடுகட்ட, மலைப்பாம்பு வங்கி மற்ற எல்லோரிடமும் கட்டணம் வாங்குகிறது. விண்ணப்பத்தை மட்டும் நிறுத்திவிட்டது.

நீதி: வங்கியின் வாயில் விழுவதில் தவறில்லை, அது மூடுவதற்குள் வீட்டைக் கட்டிவிட வேண்டும்.